ஏடு தொடக்கிய பின்

கல்லூரி ஒன்று விழாக் கொண்டாடும்பொழுது தன் அதிபர்களை நினைவுகூர்கின்றது. பட்டம் பெற்றோரையும் பதவி வகித்தோரையும் எண்ணிப் பெருமை கொள்கின்றது. வெற்றிக் கேடயங்களைத் துலக்கி வைக்கின்றது. இவை யாவும் தக்கனவே. ஆயினும், அப்பெரியோர் ஒவ்வொருவருக்கும் 'அ' என்னும் எழுத்தை முதன்முதலாகக் காட்டிய ஆசிரியர் ஒருவர் எங்கோ ஒரு சிற்றூர்ப் பாடசாலையில் இருந்தாரன்றோ? அவருடைய படம் எந்த மண்டபத்திலும் தொங்குவதில்லை. அவர் பெயரால் பரிசு எதுவும் வழங்கப்படுவதுமில்லை. எனினும் அவர் அன்று தம் பணியில் தவறியிருப்பாராயின் இக்கல்லூரியின் வாயிலை நம்மிற் பலர் மிதித்திருக்கவே மாட்டோம்.

ஆதலின், இவ்விழா மலரில் நான் எழுத விரும்புவது கல்லூரிக் கல்வியைப் பற்றியன்று. ஐந்து வயதுப் பிள்ளை பாடசாலையில் மனம் ஊன்றி, வாசிக்கக் கற்றுக்கொள்வதைப் பற்றியே. இரணைமடுவைச் சூழ்ந்த ஊர்களில் இது இன்று மிகவும் கவலைக்குரிய பொருளாக உள்ளது. என் கருத்து சுருக்கமானது: பிள்ளையை வாசிக்கச் செய்தல் பாடசாலையின் கடன்; அதனை வீட்டின் தலையிற் சுமத்தலாகாது; அக்கடனை நிறைவேற்றும் முதலாந்தர ஆசிரியர்க்குத் துணை நிற்பதே பழைய மாணவராகிய நாம் செய்யத்தக்க தலையாய தொண்டு.

இரணைமடு என்னும் பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். இரணை என்பது நம் வழக்கில் இரட்டை. இரு மடுக்களாய்க் கிடந்த நீர் ஒரே கட்டுக்குள் ஒன்றாயிற்று என்பர். கனகராயன் ஆற்றை மறித்து 1902 இல் தொடங்கிய குள வேலை நிறைவுற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. அக்குளத்து நீரை நம்பி 1936 முதல் கிளிநொச்சிப் பகுதியிற் குடியேற்றம் நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் கழனி திருத்தினோர் ஒருசாரார். வன்னியின் பழங்குடிகள் ஒருசாரார். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலைநாட்டிலிருந்து உயிர் தப்பி வந்து சேர்ந்தோர் பிறிதொரு சாரார். இம்மூவகைக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் இன்று ஒரே வகுப்பில், ஒரே பாயில் அமர்ந்திருக்கின்றனர். வாய்க்கால் நீர் எல்லா வயலுக்கும் ஒன்றே. வயல்கள் மட்டும் வெவ்வேறு.

முதலில் மனம் ஊன்றுதலைப் பற்றிச் சில சொல்லுவேன். நம் முன்னோர் பிள்ளைக்கு ஏடு தொடக்கும் முறையில் ஆழ்ந்த அறிவு பொதிந்திருக்கின்றது. விசயதசமியிலோ தைப்பூசத்திலோ நல்வேளை பார்த்து, பெரியவர் ஒருவர் பிள்ளையை மடியில் இருத்தி, அதன் சுட்டுவிரலைத் தம் கையாற் பற்றி, தட்டிற் பரப்பிய அரிசியில் எழுதுவிக்கின்றார். அங்கே மடி உண்டு; பற்றிய கை உண்டு; தாய் அருகே நிற்கின்றாள்; இறுதியிற் கற்கண்டும் உண்டு. எழுத்து என்பது அச்சத்தோடு வரவில்லை, அன்போடு வருகின்றது. உரோமாபுரியில் 1907 இல் சிறுவர் இல்லம் தொடங்கிய மரியா மொண்டிசோரி அம்மையார், சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பழகச் செய்தார். அவர் 1944 இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். அரிசியிலும் மணலிலும் விரலால் எழுதிய நமக்கு அம்முறை புதியதன்று. விரல் அறிந்ததை மனம் எளிதில் மறவாது.

ஆனால், ஏடு தொடக்கிய சில மாதங்களில் நடப்பது யாது? அதே பிள்ளை புதுச்சப்பாத்து அணிந்து, தன்னைவிடப் பெரிய புத்தகப்பையைச் சுமந்து, முன்பின் அறியாத முப்பது முகங்களின் நடுவே விடப்படுகின்றது. தாய் மறைந்து போகின்றாள். மடியும் இல்லை, பற்றிய கையும் இல்லை. பிள்ளை அழுகின்றது. அழுகின்ற பிள்ளைக்கு 'அ' வும் தெரியாது, 'ஆ' வும் தெரியாது. வாயில்புறம் ஒன்றே தெரியும். அந்நிலையிற் கற்பிக்கப்படும் எழுத்துகள் வான் பாய்ந்த நீர்போல வீணே ஓடிவிடுகின்றன.

இதற்குச் செய்யத்தக்கவை அரியன அல்ல. தாய் சொல்லாமல் நழுவிச் செல்லலாகாது. அவ்வாறு சென்றால், பிள்ளை மறுநாள் அவள் சேலைத்தலைப்பை இன்னும் இறுகப் பற்றும். "மணி அடித்ததும் வருவேன்" என்று சொல்லி, முகம் காட்டி விடைபெற்று, சொன்ன வேளைக்கு வந்து நிற்றல் வேண்டும். முதலிரு தரங்களுக்கும் பாடசாலை முற்பகல் 11.30 மணிக்கே முடிந்துவிடுகின்றது. காலபோக அறுவடை நடக்கும் மாதங்களில் தாய் தந்தையர் வயலில் நிற்பர். அழைத்துச்செல்ல ஆள் வரச் சுணங்கும் ஒவ்வொரு நாளும் பிள்ளையின் நம்பிக்கை ஒரு சாண் குறையும். அம்மம்மாவோ அயல் வீட்டாரோ இன்னார்தாம் வருவர் என்பதைப் பிள்ளைக்குக் காலையிலேயே சொல்லிவிடுதல் நன்று. முதல் வாரத்தில் தாய்மார் சற்றுநேரம் விறாந்தையில் அமர்ந்திருக்க அதிபர் இடங்கொடுப்பாராயின் பாடசாலையின் ஒழுங்கு எவ்வகையிலும் குலைந்துவிடாது. நீர் அருந்தும் இடமும் மலசலகூடமும் எங்கே உள்ளன என்பதை ஆசிரியை கைபிடித்து அழைத்துச் சென்று காட்டுதல் முதல்நாட் பாடமாக அமையவேண்டும். அதனைக் கேட்க நாணி, உடை நனைத்து, பிறர் நகைக்கக் கூனிக் குறுகிய பிள்ளை பல நாள் பாடசாலை வர மறுப்பதை நாம் கண்டிருக்கின்றோம்.

1990 களின் இறுதியில் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக்கல்விச் சீர்திருத்தமும் இதனையே கூறிற்று. முதலாந்தரத்தில் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை ஆகிய மூன்றுக்கும் அது இடம் வகுத்தது. புதிதாய் வந்த பிள்ளையை முதலில் இனங்காணுமாறு ஆசிரியரைப் பணித்தது. ஏட்டில் உள்ள இவ்விதி பல வகுப்பறைகளில் ஏட்டோடே நின்றுவிடுகின்றது. கொப்பி நிரம்பாவிடிற் பெற்றோர் குறை கூறுவர் என்று அஞ்சி, இரண்டாம் வாரத்திலேயே பிள்ளைகளின் கையிற் பென்சிலைத் திணிக்கின்றனர்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று கேட்பார் உளர். வளைப்பது வேறு, முறிப்பது வேறு என்பதை அவர் நினைக்க வேண்டும். "அடியாத மாடு படியாது" என்பாரும் உளர். பிள்ளை மாடன்று என்பது ஒருபுறமிருக்க, உடலை வருத்தும் தண்டனை கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகளால் விலக்கப்பட்டதொன்றாகும். பிரம்பைக் கண்டு நடுங்கும் பிள்ளை எழுத்தைப் பார்ப்பதில்லை, பிரம்பையே பார்க்கின்றது.

இனி, வாசிப்புக்கு வருவோம். வாசிப்பு என்பது யாது? பாடநூலின் முதற்பக்கத்தை ஒரு வகுப்பு முழுவதும் இராகம் இழுத்துப் பாடுவதைக் கேட்டு மகிழ்ந்து, "நம் பிள்ளைகள் நன்கு வாசிக்கின்றனர்" என்று கூறுவோர் பலர். அவர்கள் அருகே சென்று பார்ப்பாராக. ஒரு பிள்ளையின் கண் கூரையில் இருக்கும். மற்றொரு பிள்ளையின் நூல் தலைகீழாய் இருக்கும். வரியின் நடுவே உள்ள ஒரு சொல்லில் விரலை வைத்து, "இது என்ன?" என்று வினவினால், பிள்ளை வரியின் தொடக்கத்திலிருந்து பாடிக்கொண்டு வந்தே அச்சொல்லை அடையும், அன்றி, அடையாமலும் போகும். அது மனனம், வாசிப்பன்று. முன்பு காணாத ஒரு பக்கத்தைத் தானே வாசித்து, அதிற் கூறியது யாதெனத் தன் மொழியிற் சொல்ல வல்லதாயின், அப்பிள்ளையே வாசிக்கக் கற்ற பிள்ளை.

தமிழெழுத்து ஒழுங்குடையது, கற்பதற்கு எளியது. இதில் ஐயமில்லை. ஆயினும் ஐந்து வயதுக் கண்ணுக்கு அதிலும் சில இடர்கள் உள. சான்றாக, நம் ஊர்ப் பெயரையே பிள்ளை எழுதப் புகுவதாகக் கொள்வோம். 'இரணைமடு' என்பதில் ஐந்து எழுத்துகள். 'ணை' என்பதில் ஐகாரக் குறி முன்னே நிற்க, அதன் ஒலி பின்னே வருகின்றது. கண் ஒன்றைக் காண, காது வேறொன்றைக் கேட்கின்றது. 'டு' என்பதில் உகரக் குறி டகரத்தோடு ஒட்டி ஒரு வடிவாகின்றது. 'கு' விலும் 'மு' விலும் 'து' விலும் அதே உகரம் வேறு வேறு வடிவு கொள்கின்றது. போதாக்குறைக்கு, அம்மம்மா சிறுமியாய் இருந்தபொழுது 'ணை' யைத் துதிக்கை போன்ற பழைய வடிவில் எழுதிப் பழகியவர். தமிழ்நாட்டில் 1978 இல் ஏற்கப்பட்ட சீர்திருத்த வடிவம் பின்னர் இங்கும் பரவிற்று. வீட்டில் ஒரு 'ணை', பாடசாலையில் ஒரு 'ணை' எனப் பிள்ளை மயங்குவதில் வியப்பில்லை. இம்மயக்கத்தை மடமை என்று எண்ணி அதட்டுதல் தகாது. இடர் எங்கே உள்ளது என்பதை ஆசிரியர் அறிந்து, அவ்விடத்தில் நின்று நிதானித்தல் வேண்டும்.

இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளையும் வரிசையாய் முடித்த பின்னரே சொற்களுக்கு வரவேண்டும் என்ற விதியும் இல்லை. அ, ப, ட, ம என்னும் நான்கும், ப், ட், ம் என்னும் மூன்றும் அறிந்த பிள்ளை படம், பட்டம், அப்பம், மடம், மட்டம் என ஐந்து சொற்களைத் தானே கூட்டி வாசிக்கலாம். தானே ஒரு சொல்லைக் கண்டுபிடித்த பிள்ளையின் முகத்தில் தோன்றும் ஒளியைக் கண்டவர் பின்னர் எழுத்துவரிசையைக் கட்டி மாரடிக்க விரும்பார். சொல் வந்தபின் வரிசையும் வரும். அது இனிதாகவும் வரும்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. பிள்ளையின் வாயில் உள்ள தமிழ் வேறு. நூலில் உள்ள தமிழ் வேறு. "அம்மா வந்திட்டா" என்று பேசும் பிள்ளை "அம்மா வந்துவிட்டார்" என்று வாசிக்க வேண்டும். இரணைமடுவைச் சூழ்ந்த பாடசாலைகளிலோ பிள்ளைகளின் வாயிலும் ஒரே தமிழ் இல்லை. மலைநாட்டு வழிவந்த வீட்டில் 'பேசுதல்' என்றால் உரையாடுதல். யாழ்ப்பாணத்து வழிவந்த வீட்டில் உரையாடுதல் 'கதைத்தல்'. 'பேசுதல்' என்பதோ ஏசுதல். "ரீச்சர் உன்னோடு பேசுவா" என்றதும் ஒரு பிள்ளை மகிழ, மற்றொரு பிள்ளை விம்முகின்றது! இருவரும் தமிழ்ப்பிள்ளைகளே, இருவரும் சரியாகவே விளங்கிக்கொண்டனர். ஒருவனது வீட்டுமொழியைப் பிழை என்று வகுப்பின் முன் திருத்துவதால் அவன் செந்தமிழ் கற்றுக்கொள்வதில்லை. வாய் மூடிக்கொள்ளவே கற்றுக்கொள்கின்றான். வீட்டுமொழியிற் சொல்லவிட்டு, "இதனை நூலில் இவ்வாறு எழுதுவர்" என்று காட்டும் ஆசிரியரே இரு மடுக்களையும் ஒன்றாக்கும் கட்டினைக் கட்டுகின்றார்.

நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்னும் அம்மையார், 1963 இல் வெளிவந்த 'ரீச்சர்' என்னும் தம் நூலில் ஓர் எளிய முறையை விளக்கியுள்ளார். வேறொரு நாட்டு வாழ்வைக் கூறும் பாடநூலை ஒதுக்கிவைத்து, ஒவ்வொரு பிள்ளையையும் அழைத்து, "இன்று உனக்கு எந்தச் சொல் வேண்டும்?" என்று கேட்பார். பிள்ளை கூறிய சொல்லை அட்டையில் எழுதி அதன் கையிலேயே கொடுத்துவிடுவார். பிள்ளை அஞ்சும் பொருளையும் அன்புசெய்யும் பொருளையும் குறிக்கும் சொற்கள் ஒரே பார்வையில் மனத்திற் பதிந்தன. நம் பிள்ளைகளிடமும் அவ்வாறு கேட்டுப் பாருங்கள். குளம், யானை, மயில், மெசின், அம்மம்மா, இடி என்று சொற்கள் வந்து குவியும். 'வான்' என்றால் நகரத்துப் பிள்ளைக்கு ஆகாயமோ ஊர்தியோ; நம் பிள்ளைக்கோ மாரியில் நீர் பாய்ந்து இரையும் இடம். அச்சொல்லின் கீழே அப்படத்தை வரைந்து கொடுத்தால் அது மறக்குமா?

நாவலர் பெருமானும் இவ்வுண்மையை உணர்ந்தே செயற்பட்டார். 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அவர், இருந்த நூல்களே போதும் என்று அமையவில்லை. பிள்ளைகளின் படிநிலைக்கேற்பப் பாலபாடங்களைத் தாமே எழுதி அச்சிடுவித்தார். பெரும்புலவர் ஒருவர் சிறு பிள்ளைக்காக எழுதக் குனிந்தாரே, அக்குனிவைத்தான் நாம் அவரிடமிருந்து கற்கவேண்டும். அவர் பிறந்தநாளில் மாலையிடுவது எளிது.

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருகின்றேன். பாடசாலைகள் பலவற்றிலிருந்து பிள்ளையின் கொப்பியில் ஒரு குறிப்பு வீட்டுக்கு வருகின்றது: "வாசிக்கத் தெரியாது. வீட்டிற் பயிற்சி கொடுக்கவும்." இக்குறிப்பு யாரைச் சென்றடைகின்றது? இன்று முதலாந்தரப் பிள்ளையின் தாயாய் இருக்கும் பெண் 2009 இல் எட்டு அல்லது பத்து வயதுச் சிறுமி. 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிளிநொச்சிப் பகுதி மக்கள் வீடுவாசல் துறந்து கிழக்கு நோக்கிப் பெயர்ந்தபொழுது அவளும் பெயர்ந்தாள். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று அவள் ஓடிய வழியிற் பாடசாலை இருக்கவில்லை. 2009 மே மாதத்தின் பின் செட்டிகுளத்து முகாமிற் கூடாரத்தின் கீழ்ச் சிறிது படித்தாள். ஊர் திரும்பியபொழுது பாடசாலைக்குக் கூரையில்லை. வீட்டிலோ உழைக்க ஆளில்லை. வாசிப்பு வேரூன்றும் வயதில் அவள் உயிர் காக்க ஓடிக்கொண்டிருந்தாள். அவள் வாசிக்கத் தடுமாறுவாளாயின் அக்குற்றம் அவளுடையதன்று.

அவ்வாறான தாயிடம் பாடசாலை தன் கடனைத் திருப்பி அனுப்பும்பொழுது நிகழ்வது யாது? அவள் நாணுகின்றாள். நாணத்தாற் பிள்ளையை அடிக்கின்றாள். அல்லது, இயலாத செலவு செய்து ஐந்து வயதுப் பிள்ளையைத் தனியார் வகுப்புக்கு அனுப்புகின்றாள். அல்லது, பாடசாலைப் படலையைக் கண்டால் ஒதுங்கிச் செல்கின்றாள். இம்மூன்றினாலும் பிள்ளைக்குக் கேடே விளைகின்றது. ஒரு தலைமுறையின் இழப்பு ஓசையின்றி அடுத்த தலைமுறைக்கு முதுசமாய்ச் சென்று சேர்கின்றது. இதனைத் தடுக்கவல்லது முதலாந்தர வகுப்பறை ஒன்றே.

அத்தாயால் ஒன்றும் இயலாது என்று நான் கூறவில்லை. எழுத்தறியாத் தாயும் மொழியை அறிவாள். கதை சொல்லலாம், நொடி போடலாம், வயலில் நிற்கும் நெல்லின் பெயரையும் மரத்தின் பெயரையும் சொல்லிக் கொடுக்கலாம், "இன்று வகுப்பில் என்ன நடந்தது?" என்று கேட்டு, பிள்ளை கூறுவதை முழுமையாய்ச் செவிமடுக்கலாம். சொல்வளம் மிக்க பிள்ளை விரைவில் வாசிக்கும். பாடசாலை அவளிடம் கேட்கவேண்டியது இதுவே. எழுத்தைக் கூட்டக் கற்பிப்பது பயிற்சிபெற்ற ஆசிரியரின் பணி.

இதற்கு எதிராக ஒன்று கூறப்படும். "ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை காத்திருக்கின்றது, விளையாடிக்கொண்டிருந்தால் பிள்ளை பின்தங்காதா?" என்பர். பெற்றோரின் இவ்வச்சத்தை நான் இகழேன். வறிய வீட்டுப் பிள்ளைக்கு அப்பரீட்சை ஒரு வாயிலாகவே உள்ளது. ஆயினும், வினாவை வாசிக்க இயலாதவன் விடையை எங்ஙனம் எழுதுவான்? குளக்கட்டின் வரலாற்றை மீண்டும் நோக்குங்கள். அது ஒரே ஆண்டில் இன்றைய உயரத்துக்கு எழுந்ததன்று. பின்னர் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை உயர்த்தப்பட்டது. இறுதியாய் நடந்த பெரும் புனரமைப்பு 2018 இல் நிறைவெய்திற்று. அடித்தளம் உறுதியாய் இருந்தமையாலன்றோ மேலே உயர்த்த முடிந்தது? அடியிற் கசிவுடைய கட்டின்மேல் மண் கொட்டக் கொட்ட ஆபத்தே மிகும்.

பழைய மாணவர்களே, விழாவின் பெயரால் நாம் பணம் திரட்டுகின்றோம். வெளிநாட்டில் வாழும் நண்பர்களும் மனமுவந்து அனுப்புகின்றனர். வளைவும் மண்டபமும் வேண்டாம் என்பேனல்லேன். அவற்றுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கையேனும், நம் கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பும் சிறுபாடசாலைகளின் முதலிரு தரங்களுக்கு ஒதுக்குமாறு வேண்டுகின்றேன். அங்கே வேண்டப்படுவன பெரியன அல்ல. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பெட்டி நிறையச் சிறுகதை நூல்கள், நம் மண்ணின் சொற்களும் படங்களும் கொண்டனவாய் வேண்டும். முதல் தவணையில் ஆசிரியைக்குத் துணையாக ஒருவர் வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கண்ணும் செவியும் சோதிக்கப்பட வேண்டும். மந்தன் என்று பின்வரிசையில் இருத்தப்பட்ட பிள்ளை கரும்பலகையைக் காண இயலாத பிள்ளையாகவும் இருக்கலாம். கல்லூரியின் உயர்தர மாணவர் வாரம் ஒருநாள் சென்று பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டலாம். வாசிப்பவர்க்கும் அது பயனே. இவற்றின் பயனை அளக்க நீண்ட அறிக்கைகள் வேண்டா. இரண்டாந்தர முடிவில் ஒவ்வொரு பிள்ளையும், முன்பு காணாத பத்து வரியை வாசித்துப் பொருள் கூறுகின்றதா என்று ஒருமுறை சென்று கேட்டால் போதும்.

விழாப் பரிசளிப்பு நாளில், பரிசில்களின் நீண்ட பட்டியலில் மேலும் ஒன்றைச் சேர்க்குமாறும் வேண்டுகின்றேன். வன்னியின் சிற்றூர்ப் பாடசாலைகளில் நெடுங்காலம் முதலாந்தரம் கற்பித்த ஆசிரியர் ஒருவரை ஆண்டுதோறும் அழைத்து, மேடையில் இருத்திச் சிறப்பிப்போமாக. 1945 முதல் இந்நாட்டிற் கல்வி இலவசமாயிற்று. வாயில் எல்லோர்க்கும் திறந்திருக்கின்றது. திறந்த வாயிலில் அழுதுகொண்டு நிற்கும் பிள்ளையின் கையைப் பற்றி உள்ளே அழைத்துச் செல்பவர் அவரே.

— பழைய மாணவன் ஒருவன்